பதினொரு மணி நேரக் கணக்கு

...ஆறு மாறவே இல்லையே, பிறகு எதற்கு அதையே திரும்பத் திரும்பக் கணக்கிடுவது, கிள்ளான் ஆற்றை ஆயிரத்து இருநூறு துண்டாக்கி மூன்று நாள் வெள்ளத்தை ஓட்டிப் பார்க்க இந்தப் புரோகிராமுக்குப் பதினொரு மணி நேரம் வேண்டியிருக்கிறது, மழை மாறும், கடலேற்றம் மாறும், படுகையின் அகலமும் சரிவும் அப்படியேதானே, ஒரு தடவை கணக்கிட்டு அட்டவணையில் வைத்துவிட்டால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாமே... நேற்று பிரிக்பீல்ட்ஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது கனகேஸ்வரிக்கு இது தோன்றியது, இன்று காலை பன்னிரண்டு வரிகளை மாற்றி மதியம் ஒரு மணிக்கு ஓடவிட்டாள். கூட வேலை செய்யும் ஜெய்னுலாபுதீன் அண்ணன் எழுதிய வரிகள், ஏழு வருஷமாக யாரும் தொடாதவை, கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தாள், அவரோ பார்த்துவிட்டு, "செஞ்சு பாரும்மா" என்றதோடு சரி. யாருக்காகச் செய்தாள்? அவர் மனைவி ஜுபைதா அக்கா ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு மாதமாகிறது, பார்வை நேரம் நாலரையிலிருந்து ஆறு, மெஷின் முடிப்பதும் ஆறுக்குத்தான், "ரன் முடியலலா, எப்படிப் போறது?" என்று தினமும் அண்ணனிடம் அதே பதில், பெருநாளைக்கு இவளுக்கென்று தனியாக நெய்ச்சோறு கட்டிக் கொடுத்தனுப்பிய அக்கா, அங்கே வாசலையே பார்த்துக்கொண்டு...

மூன்று மணிக்கெல்லாம் பிரிண்டர் அலறி ஓய்ந்தது. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய், "அண்ணே, முடிஞ்சிருச்சு, கெளம்புங்க, இன்னிக்கு அக்காவப் பாத்துரலாம்" என்றாள். அவர் எழவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார், "இன்னொரு தடவ ஓட்டிப் பாப்பமா?" என்றார். எல்லாம் சரியாக வந்துவிட்டதே, இன்னும் எதற்கு... "அந்த எடத்துல வீணா ஓடுதுன்னு எனக்குப் போன மாசமே தெரியும்மா. டாக்டர் எங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லியிருக்காரு. அவ கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

இவள் குடையை எடுத்துக்கொண்டு, "நானும் வரேண்ணே" என்றாள். அவர் மெல்ல எழுந்தார், படியிறங்கும்போது, "மாதுளம்பழம் வாங்கிட்டுப் போவோமா, அவளுக்குப் புடிக்கும்" என்றார், இவள் தலையாட்டினாள்... ஒன்பது மணி நேரத்தை மிச்சம் பிடித்து இந்த மனிதருக்குக் கொடுத்தாளா, இல்லை, அவர் ஒளிந்துகொண்டிருந்த ஒரே இடத்தைப் பிடுங்கிவிட்டாளா...