ஐந்தாவது கையெழுத்து

கையெழுத்துப் போடாதவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் அது தெரியாதவர் யாருமில்லை.

எங்கள் வீடுகளுக்கு மேலே இருக்கும் மலைமேடு ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். முழுக்கக் கரிமண். பாசி மக்கி மக்கி ஆளுயரத்துக்குச் சேர்ந்த கறுப்பு மண்; ஈரமாக இருந்தால் பஞ்சு, காய்ந்தால் விறகு. எங்கள் அப்பாக்கள் காலத்தில் அரசாங்க உதவியோடு வாய்க்கால் வெட்டி அதன் நீரை வடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேடு காய்ந்துகொண்டே போனது.

அறக்கட்டளை ஒன்றிலிருந்து நெஸ்டா என்ற இளம்பெண் வந்தாள். வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்க வேண்டும், ஆடுகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அந்த இழப்புக்குப் பத்து வருடம் பணம் தருவோம் என்றாள். ஐந்து குடும்பமும் ஒப்பினால்தான் உண்டு. மார்ச் முடிவுக்குள் சொல்ல வேண்டும்.

நான்கு பேர் போட்டுவிட்டார்கள். பக்கத்துப் பண்ணை க்விலிம் என்னிடம் பேச வந்தான். மேட்டிலிருந்து வடியும் நீர் குளிர்காலம்தோறும் அவன் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

“என் அடுப்படியில மீன் பிடிக்கலாம் மெரெரிட். உனக்கும் ரெண்டு தரேன், போட்டுக் குடு.”

“மேல பனி கொட்டினா எங்க ஒதுங்கணும்னு தாயாடு குட்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. பாதிய வித்துட்டா அந்த அறிவ எந்தச் சந்தையில வாங்கறது?”

“உன் ஆடு மாதிரியேதான் நீயும். இழுத்தா பின்னால போற.”

சிரித்துக்கொண்டேதான் போனான். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மந்தை இறந்துபோன என் கணவர் சேர்த்தது. அதில் ஒன்றைக்கூடக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் முடிந்தது. பணம் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று.

அடுத்த வருட ஏப்ரலில் மூன்று வாரம் மழையில்லை. கீழ்க்காற்று விடாமல் அடித்தது. ஒரு மதியம் மேட்டில் தீப் பிடித்தது. எப்படியென்று இன்றுவரை தெரியவில்லை. நான் கொட்டகையில், தாயாட்டின் வயிற்றில் குறுக்கே மாட்டிய குட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். முழங்கைவரை ரத்தம். க்விலிம் வாசலில் வந்து நின்றான்.

“உன் சினையாடுங்க வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கு. நான் போய்க் கதவத் திறந்து விடறேன். நீ கைய எடுக்காத.”

“புகை வருது. தீயணைப்புக்காரங்க வரட்டும் க்விலிம்.”

“அவங்க வந்து வண்டிய நிறுத்தறதுக்குள்ள நான் திரும்பிடுவேன்.”

குட்டி பிழைத்தது. சற்று நேரத்தில் ஆடுகள் இருமிக்கொண்டே மலையிறங்கி வந்தன. அவன் வரவில்லை. வேலிக் கதவுக்குப் பக்கத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். உடலில் தீக்காயம் இல்லை, புகைதான். தரைக்கடியில் கரிமண் பதினோரு நாள் கனன்றது. அடக்கத்தன்றும் தேவாலய வாசலில் அந்த வாடைதான்.

கோடையில் நெஸ்டா மறுபடி வந்தாள். வேறொரு நன்கொடை கிடைத்திருந்தது. எரியாத பாதிக்கு மட்டும்தான் அது போதும். இந்த முறை நான் முதலில் போட்டேன். க்விலிமின் பங்குக்கு அவன் மனைவி ஹெயில்வென் போட வேண்டும். அவள் மறுத்துவிட்டாள்.

நானே போய்க் கதவைத் தட்டினேன். பாதிதான் திறந்தாள்.

“நீயா கேக்கற?”

“ஆமா. கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. தெரிஞ்சுதான் வந்தேன்.”

“அவரும் உன் வாசல்ல வந்து கேட்டாரே.”

தாளை நீட்டினேன். ஹெயில்வென் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கி, கதவு நிலையில் வைத்தே கையெழுத்திட்டாள்.

“இனிமே இங்க வராத மெரெரிட்.”

அக்டோபரில் பொக்லைன்கள் வந்து வாய்க்கால்களை அடைத்தன. ஒரே மாதத்தில் நீர் தேங்கிவிட்டது. அந்தக் குளிர்காலம் ஹெயில்வென் வீட்டுக்குள் நீர் புகவில்லை என்று கடையில் யாரோ சொன்னார்கள். எரிந்த பாதி இன்னும் கறுப்பாகவே கிடக்கிறது. அந்த வழியாக நான் ஆடுகளை ஓட்டுவதில்லை.