உள்தாழ்ப்பாள்

குளியலறைக்குள் போய் ரெஜிலா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு மெல்லத் திரும்பி வந்து ஒரு சாண் திறந்து நின்றது. மறுபடி சாத்தினாள், மறுபடி வந்தது. தாழ்ப்பாளுக்காகக் கை தானாக மேலே போயிற்று. அங்கே தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் புட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசிய நான்கு துளைகள் இருந்தன. நகத்தால் சுரண்டினாள், புட்டி உதிர்ந்தது. நிலைச்சட்டத்தில் தாழ்ப்பாள் நுழைகிற இடத்தில் மரம் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. மரத்தூளும் பசையும் குழைத்து அதை ஒட்டியிருந்தார்கள். பிளவு உள்பக்கமாகத் தெறித்திருந்தது. வெளியே நின்று உதைத்தால்தான் மரம் அப்படிப் பிளக்கும்.

இப்படிப் பார்ப்பதுதான் அவளுக்குத் தொழில். சிவில் படித்துப் பதினோரு வருஷம் கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்தாள். அவர்கள் கலவையில் சேர்க்கும் கடல் மணலையும் பேச்சில் சேர்க்கும் பொய்யையும் கண்டு அலுத்துப்போய், வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துத் தருகிறேன் என்று மார்த்தாண்டத்தில் ஒரு போர்டு மாட்டினாள். வீட்டுக்கும் டாக்டரா என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களே துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். கடல் தாண்டி இருந்துகொண்டு வீடு வாங்குகிறவனுக்கு ஊரில் ஒரு கண் வேண்டியிருந்தது. புரோக்கர்கள் அவளைக் கல்யாணம் கலைக்கிறவள் என்றார்கள். ஆரல்வாய்மொழியில் ஒரு கான்ட்ராக்டர் அரைச் செங்கலைத் தூக்கி எறிந்தான். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. அந்தச் செங்கலும் சரியாக வேகாதது என்று ரிப்போர்ட்டில் சேர்த்துத்தான் அனுப்பினாள்.

சிதறாலுக்குப் போகும் வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது இந்த வீடு. விற்கிறவன் ஆன்ட்ரூஸ். வாங்குகிறவர் மஸ்கட்டில் இருக்கும் சுந்தர்சிங். கட்டி ஏழு வருஷம் ஆகியிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத வீடு என்று அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கூரையில் ஒரு ஈரக்கறை மட்டும் கொஞ்சம் ஆட்டம் காட்டியது. மேலே ஏறிப் பார்த்தால் தளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசியில் ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் கழன்று கிடப்பதைக் கண்டுபிடித்தாள். அது ஒரு மணி நேர வேலை. ஆனால் மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, ஐந்து கதவிலும் உள்தாழ்ப்பாள் இல்லை. ஐந்திலும் அதே புட்டி, அதே நான்கு துளை.

ஹாலில் ஆன்ட்ரூஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், மடித்துக் கட்டிய வேட்டி, சிரித்த முகம். அவனிடம் கேட்டாள்.

"உள்பக்கம் கொண்டி ஒண்ணையும் காணலியே, அண்ணே?"

"நாங்க ரெண்டு பேருதான இருக்கோம், மேடம். யாருக்குப் பயந்து கொண்டி போடணும்?"

அவன் மனைவி ஜினிஷா தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். "முன்ன இருந்துது" என்றாள், நடந்துகொண்டே, சாதாரணமாக.

ஆன்ட்ரூஸ் எழுந்தான். தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, அந்தக் கையின் புறங்கையால் அவள் வாயில் ஓங்கி அறைந்தான். தட்டு விழுந்தது. சுடுதேநீர் அவள் பாதத்தில் கொட்டியது. அவள் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கும்போது வாயிலிருந்து ரத்தம் வெள்ளைத் தரையில் சொட்டியது. அதையும் துணியால் துடைத்தாள். அவன் கொசுவை அடித்தவன்போல உட்கார்ந்துகொண்டு, அடுக்களைப் பக்கம் பார்த்தாச்சா மேடம் என்று கேட்டான்.

அரைச் செங்கலுக்கு அஞ்சாத ரெஜிலா அப்போது வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுக்களைக்குப் போனாள். கம்பியால் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எது அடியில் பிடிப்பில்லாமல் பொள்ளலாக ஒலிக்கிறது என்று கேட்டாள். எல்லா ஓடும் பொள்ளலாகவே கேட்டது. தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கழிவுத்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜினிஷா துணி காயப்போட வந்தாள். உதடு வீங்கியிருந்தது. துணியை உதறும் சத்தத்துக்குள் மறைத்துச் சொன்னாள். வீடு அவள் பேரில் இருக்கிறது. அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பாதியை விற்று ஸ்ரீதனமாகக் கட்டிக்கொடுத்தது. அவர் இப்போது இல்லை. ஆன்ட்ரூஸ் இதை விற்றுவிட்டுத் திருவனந்தபுரத்தில் கடை போடப் போகிறானாம். அவளை அங்கே வாடகை வீட்டில் வைப்பானாம், ஒரு முகமும் தெரியாத ஊரில். ஏழு வருஷத்தில் பிள்ளை இல்லை, அதற்கும் அடி. அவள் ஒப்பு போட்டால்தான் பத்திரம் நடக்கும். கையெழுத்துக்கு அந்தப் பக்கம் ஒப்பு என்றுதான் சொல்வார்கள்.

"போட மாட்டேன்னு அவருக்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதுக்கா. பாத்ரூம்ல கேறி, கொண்டியப் போட்டுக்கிட்டுச் சொன்னேன். அதுக்குத்தான் எல்லாத்தையும் கழத்திப்போட்டாரு."

ரெஜிலா தொட்டி மூடியைப் பிடித்தபடியே நின்றாள். போலீசில் சொல்லலாமே என்று கேட்டதற்கு ஜினிஷா அடுத்த துணியை எடுத்து உதறினாள். இரண்டு முறை போயிருக்கிறாள், இரண்டு முறையும் சபை மூப்பர் ஒருவர் வந்து ஜெபம் பண்ணிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார் என்பது ரெஜிலாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அன்று வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். சுவர், கூரை, தண்ணீர், கரண்ட் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மனுஷனுக்குக் கட்டம் கிடையாது. அஸ்திவாரத்தில் வெடிப்பு என்று ஒரு வரி எழுதினால் சுந்தர்சிங் ஓடிவிடுவார், விற்பனை படுத்துவிடும். அந்த வரியை எழுதிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்பது அவளுடைய ஒரே சொத்து. அழித்துவிட்டாள். அழித்துவிட்டு, முதல் குறையாக இதை எழுதினாள்: வீட்டில் எந்த அறையிலும் உள்தாழ்ப்பாள் இல்லை, இருந்தவை வேண்டுமென்றே நீக்கப்பட்டுள்ளன, குளியலறைக் கதவு வெளியிலிருந்து உதைத்துத் திறக்கப்பட்டிருக்கிறது.

மஸ்கட்டிலிருந்து சுந்தர்சிங் கூப்பிட்டார். கூரை ஒழுகவில்லைதானே, பிறகு தாழ்ப்பாளைப் போய் முதலில் எழுதியிருக்கிறீர்களே என்றார். அவர் கையிலிருந்து போனை அவருடைய மனைவி ஜெபகுமாரி வாங்கினாள். யார் உதைத்தது என்று அவள் ஒன்றுதான் கேட்டாள். ரெஜிலா சொன்னாள். ஜெபகுமாரி, எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடட்டும், போட்டதை நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் பத்திரத்துக்கு வருவோம் என்றாள். ஆன்ட்ரூஸ் மறுவார்த்தை பேசாமல் சம்மதித்தான். ரெஜிலாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நாலு நாளைக்காவது அந்தப் பெண்ணுக்கு ஒரு மறைவு கிடைக்குமே என்று நினைத்தாள். தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதியவள் ஸ்குரு எத்தனை இஞ்ச் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது அவள் செய்த பிழை.

திங்கட்கிழமை பத்திரம். சனிக்கிழமை மறுசோதனைக்குப் போனாள். சுந்தர்சிங்கும் ஜெபகுமாரியும் அவளுடைய போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜினிஷாவின் உதட்டில் தையல், இடது முன்கையில் கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் மேடம், இப்போது ஒப்பு போடச் சம்மதித்துவிட்டாள் என்று ஆன்ட்ரூஸ் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான்.

ஒவ்வொரு தாழ்ப்பாளையும் உள்ளே போய், சாத்தி, போட்டு, கதவை இழுத்துப் பார்ப்பதுதான் முறை. நான்கு அறை முடிந்தது. கடைசிப் படுக்கையறைக்குள் ரெஜிலா நுழைந்தபோது பின்னாலேயே ஜினிஷா விளக்குமாற்றோடு வந்தாள். கட்டிலுக்கடியில் தூசி கிடக்கிறது என்றாள். உள்ளே வந்தவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இறுக்கிப் போட்டாள். விளக்குமாறு கீழே விழுந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"நான் ஒப்பு போட மாட்டேன்."

ஹாலில் ஆன்ட்ரூஸின் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

"ஏட்டி, கதவத் தொற."

முதல் உதையில் நிலையின் மேல் ஓரத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து இருவர் தலையிலும் விழுந்தது. இரண்டாவது உதைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி, வேறு வழி இல்லை. ரெஜிலா தாழ்ப்பாளைப் பார்த்தாள். தாழ்ப்பாள் நல்ல கனம்தான், ஸ்டீல். ஸ்குருக்கள் அரை இஞ்ச். போட்டோவுக்கு அழகாகத் தெரிந்தால் போதும் என்று போட்டிருக்கிறான். நிலை அயனி மரம், அது தாங்கும். கதவு தாங்கும். ஸ்குரு பத்து உதைகூடத் தாங்காது. கணக்குப் போடாமல் அவளால் இருக்க முடியவில்லை.

வெளியே அவன் ரெஜிலாவையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் அழைத்தான். குடும்பம் கெடுக்க வந்த சவமே, வெளியே வா, இரண்டு பேரையும் ஒரே குழியில் போடுகிறேன் என்றான். போனிலிருந்து ஜெபகுமாரியின் குரல் கேட்டது.

"தொறக்காத பிள்ளே. எனக்க தம்பி ஸ்டேசன் பக்கத்துலதான் இருக்கான், இப்பம் ஆளு வரும்."

ரெஜிலா போனைக் கட்டிலில் போட்டாள். மஸ்கட்டுக்கு இனி மின்விசிறி மட்டும்தான் தெரியும். கட்டிலைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்று இழுத்துப் பார்த்தாள். தேக்குக் கட்டில், அசையவில்லை.

திடீரென்று உதை நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் கதவோடு வாயை வைத்து, இதற்குமுன் ரெஜிலா கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் பேசினான்.

"ஜினி. தொற மக்ளே. ஒண்ணும் செய்ய மாட்டேன்."

ஜினிஷாவின் கை மேலே போயிற்று. அவள் அதை அனுப்பியதாகவே தெரியவில்லை. விரல்கள் தாழ்ப்பாளின் குமிழைப் பிடித்தன. ரெஜிலா அந்த மணிக்கட்டைப் பற்றினாள். பிடித்தாளே தவிர இழுக்கவில்லை. அன்று ஹாலில் நின்றதுபோல நிற்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது. ஜினிஷா தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரல்களைக் குமிழிலிருந்து எடுத்தாள். அப்படியே கதவில் முதுகைச் சாய்த்துச் சரிந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கட்டில் காலில் ஊன்றினாள்.

வெளியே மெல்லிய குரல் முடிந்துவிட்டது. உதை வந்தது. ஒரு ஸ்குரு தெறித்து ஜினிஷாவின் மடியில் விழுந்தது.

ரெஜிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டி, முதுகைக் கதவில் கொடுத்தாள். அடுத்த உதை மரத்தின் வழியாக அவள் விலாவுக்குள் இறங்கியது. அதற்கடுத்ததற்கு இருவரும் கால்களை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊன்றிக்கொண்டார்கள்.