பென்ஸ் ஜேபியைக் கேட்டுப் பாருங்கள்

திருத்தணியில் என் பெயர் ஜெயப்பிரகாஷ் என்று தெரிந்தவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பென்ஸ் ஜேபி என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார். ஆதார் அட்டைக்கு நகல் எடுத்துப் பிழைப்பவனுக்கு பென்ஸ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கவிதா இரண்டு வருடங்களாக அதைத்தான் கேட்கிறாள், தினம் ஒரு புது வாக்கியத்தில்.

வண்டி வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. தொண்ணூறுகளில் வந்த டீசல் வண்டி, வெளிர் பச்சை, மூக்கில் நட்சத்திரம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கி, தெருமுனை வரை ஓட்டிப்போய், அப்படியே ரிவர்ஸில் திரும்பி வந்து மூடிவிடுவேன். ஏன் சார் வெளியே எடுப்பதில்லை என்று யாராவது கேட்டால், "கிளாசிக் வண்டிங்க, தினமும் எடுக்கக் கூடாது. ஜெர்மனியிலேயே மாசம் ஒருவாட்டிதான் எடுப்பாங்க" என்பேன். நான் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் ஜெர்மனியில் என்ன வழக்கம் என்று சொல்லும்போது எனக்குக் குரலே தடுமாறாது.

உண்மை என்னவென்றால், அந்த வண்டி நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. அதற்குமேல் ஓட்டினால் பானெட்டிலிருந்து இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி வரும். இது எனக்கும் மெக்கானிக் ஜெரால்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டிராக்டர் வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இறங்கியவர் தார்ப்பாயைப் பார்த்துக் கும்பிடாத குறை.

"நீங்கதான பென்ஸ் ஜேபி? நான் சின்னசாமி, திருவாலங்காடு. கரும்பு வெச்சினு கீறேன். வேணு உங்களக் கேக்கச் சொன்னாரு."

வேணு என்ற பெயரைக் கேட்டதும் தார்ப்பாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய கார் வியாபாரம் செய்பவன். என் வண்டியை எனக்கு விற்ற புண்ணியவான்.

"இன்னா கேக்கச் சொன்னான்?"

"அவராண்ட ஒரு பென்ஸ் கீதுங்க, வெள்ளைக் கலரு. என் டிராக்டர எடுத்துக்கினு அதக் குடுத்துடறேன்னாரு. எனக்கு சந்தேகமா இருந்திச்சி. 'திருத்தணி ஜேபி சார் நம்ம வண்டிதான் வெச்சிருக்காரு, ரெண்டு வருசத்துல ஒரு கொறை சொன்னதில்ல, அவரையே கேட்டுப் பாரு'ன்னாரு. நாளைக்கு கிருத்திகைங்க. வேணு கையால வண்டிய வாங்கி நேரா மலைக்கு ஏத்திடலாம்னு."

என்னை ஏமாற்றியவன் என்னையே தன் கடைக்கு விளம்பரப் பலகையாக மாட்டி வைத்திருக்கிறான். குறை சொன்னதில்லைதான். சொன்னால் நான் ஏமாந்தது வெளியே தெரிந்துவிடுமே.

"டிராக்டரைக் குடுத்துட்டு உழவுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"அதப் பாத்தா எப்பதாங்க ஆசைய தீத்துக்கறது? இருபத்தஞ்சி வருசமா இந்த இரும்பு சீட்டுல ஒக்காந்து முதுகு போச்சி. ஒரு நாளாவது மெத்துனு ஒக்காந்து மலை ஏறணும் தம்பி."

அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம், மீசை மட்டும் பெரியது. அவர் டிராக்டரைக் காப்பாற்ற வேண்டும். அதே நேரம் என் மானமும் போகக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு வழி உண்டென்று தோன்றியது. நிபுணனாகப் பேசுவது.

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கவிதா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"அண்ணே, பழைய ஜெர்மன் வண்டி வாங்கறதுன்னா சும்மா இல்ல" என்று ஆரம்பித்தேன். "நீங்க போறப்ப வண்டி குளிர்ந்து இருக்கணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானெட்டுல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா, உங்களுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். காலைல அது எழுந்திருக்கிற அழகை நீங்க பாக்கக் கூடாதுன்னு."

இது நான் புத்தகத்தில் படித்ததில்லை. நான் போன அன்று பானெட் சுட்டது. வேணு சிரித்துக்கொண்டே, "விருந்தாளி வர்றாருன்னா சோத்த சூடா வெக்கறதில்லயா பாவா" என்றான். வந்து ஐந்து நிமிடத்தில் நான் அவனுக்கு பாவா ஆகியிருந்தேன். அவன் தங்கையைக் கட்டியவனைப் போல நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

"ஆங்" என்றார் சின்னசாமி.

"கால் மிதியைத் தூக்கிப் பாருங்க. அடியில தகரம் துருப்புடிச்சிருக்கும். மேல புது மேட்டு போட்டு மறைச்சிருப்பாங்க. அப்புறம் ஒரு காந்தம் எடுத்துக்கினு போங்க. கதவுல ஒட்டலன்னா உள்ள தகரம் இல்ல, பட்டி பூசி பெயிண்ட் அடிச்சது."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் என் வண்டிக்குள்ளேயே காலை விட்டேன். வாங்கிய இரண்டாம் வாரம் டிரைவர் சீட்டின் கீழே மேட்டோடு கால் இறங்கியது, எட்டிப் பார்த்தால் தார் ரோடு. காந்தச் சோதனையும் செய்தேன், வாங்கிய பிறகு. பிரிட்ஜ் கதவில் இருந்த முருகன் காந்தத்தை எடுத்துப்போய் வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். முருகன் எங்கேயும் நிற்கவில்லை.

"ஆந்திரா வண்டின்னா அங்கேருந்து தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க பேர் மாத்தணும். சின்ன ஸ்விட்ச் போனாலும் சென்னைக்குப் போய் அலையணும். முக்கியமா ஒண்ணு. வண்டியப் பாக்கறத விட வெச்சிருந்தவரப் பாருங்க. எண்ணெய் மாத்தின சீட்டு வெச்சிருக்காரான்னு கேளுங்க."

"ஆங்" என்றார் மறுபடியும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் வேணுவே சொன்னாருங்க. மேட்டு, காந்தம், எல்லாம். 'நல்லா பாத்து வாங்குங்க, அவசரமே வேணாம்'னு சொன்னாரு. உங்க வண்டி எப்படி கீது, அத சொல்லுங்க" என்றார்.

வேணு இந்த இரண்டு வருடத்தில் தேறியிருக்கிறான். நான்தான் தேறவில்லை.

"நம்ம வண்டி..." என்று இழுத்தேன். யார் கேட்டாலும் 'ராஜா மாதிரி கீது' என்று சொல்லிப் பழகிய நாக்கு அந்த ராஜாவைத் தேடிக்கொண்டு போனது. அதைச் சொன்னால் போதும், அவர் எழுந்து போய்விடுவார். நாளை கிருத்திகைக்கு டிராக்டர் எல்லையைத் தாண்டிவிடும், ஆனால் பென்ஸ் ஜேபி பென்ஸ் ஜேபியாகவே இருப்பான். கவிதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டேன்.

"அண்ணே, இது ஓடாது."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வேணு வண்டியைக் கொடுத்த அன்று நடந்ததையெல்லாம் சொன்னேன். ஜெரால்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டதற்கு, "புது வண்டிய மொதல்ல சாமிகிட்ட காட்டணும் பாவா, அப்புறம் எவன்கிட்ட வேணா காட்டு" என்று வேணு சொன்னதை. நம் ஊரில் அதற்கு மறுபேச்சு ஏது. ராஜேஷ் என்று தன் டிரைவர் ஒருவனையும் கூட அனுப்பினான். நான் முன்சீட்டில், கவிதா தேங்காய்த் தட்டோடு பின்சீட்டில். எல்லையிலிருந்து வரும் வழியில் நாலைந்து இடத்திலும், மலைப்பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ராஜேஷ் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு நிமிடம் கண்மூடிக் கும்பிட்டான். இந்தக் காலத்தில் இப்படியொரு பக்தியா என்று நான் உருகிப் போனேன். எனக்கே கண் கலங்கியது. அவன் இன்ஜினை ஆற வைத்துக்கொண்டிருந்தான் என்பது ஜெரால்டு சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

மேலே போய்ச் சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினோம். இறங்கும்போது வண்டி பூப்போல இறங்கியது. இறக்கத்தில் எந்த வண்டிதான் இறங்காது. ராஜேஷ் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். மறுநாள் நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். கே.ஜி.கண்டிகை போகும் வழியில், ஒரு டீக்கடை எதிரே முதல் ஆவி வந்தது.

"வேணுவுக்கு போன் போட்டேங்க. திருப்பி எடுத்துக்கடான்னு அழாத குறையாக் கேட்டேன். இன்னா சொன்னான் தெரியுமா? 'சாமிக்குக் காட்டின வண்டி பாவா. மாலை போட்டதத் திருப்பி வாங்குனா என் குடும்பத்துக்கு ஆவாது.' நானும் ஆமால்லன்னு போன வெச்சிட்டேங்க."

சொல்லி முடித்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, இரண்டு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரியும் இருந்தது. ஒரு மனிதரின் டிராக்டரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமைகூட மெல்ல எட்டிப் பார்த்தது. அது என் பிறவிக் குணம்.

சின்னசாமி வண்டியைச் சுற்றி வந்தார். முன்கதவைத் திறந்து சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மூடினார்.

"தெரியும் தம்பி" என்றார்.

"என்ன தெரியும்?"

"வண்டி ஓடாதுன்னு. இந்த ஊருக்கே தெரியுமாமே. நீங்களா சொல்ற வரைக்கும் யாரும் உங்க மூஞ்சிக்கு நேரா கேக்கக் கூடாதுன்னு இருக்காங்க."

நான் கவிதாவைப் பார்த்தேன். "எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அவள். குரலில் கேலியே இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்போ எதுக்குண்ணே என்னை வந்து கேட்டீங்க?"

"மணவூர்ல வில்சன் வாத்தியார் கீறாரு, தெரியுமா? அவரும் வேணுகிட்டதான் வாங்குனாரு, போன வருசம். வீட்டுக்கு வந்ததும் பாதிரியார வெச்சி ஜெபம் பண்ணிட்டாரு. ஜெபம் பண்ணின வண்டிய எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு இப்ப சர்ச்சு காம்பவுண்டுல நிறுத்தி வெச்சிருக்காரு. கோழி முட்டை வெக்கிது. நான் வேணுகிட்ட போறேன்னதும் வேணாம்னாரு. அவர் வண்டிதான் ராசியில்லாம போச்சோ, ஊர்ல சொல்றதும் பொறாமையோ என்னவோ, அடுத்தவங்க பேச்ச மட்டும் கேட்டு ஆசைய வுட முடியலிங்க எனக்கு. அதான் உங்களக் கேக்க வந்தேன். நீங்க உங்க வாயால நல்லா கீதுன்னு சொல்லியிருந்தா நாளைக்கு வாங்கியிருப்பேன்."

சற்று நிறுத்தி, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தியாரு ஒண்ணு சொல்லி அனுப்புனாரு. 'நானும் வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஜேபி சாருக்கு போன் பண்ணிக் கேட்டேன். என்கிட்ட சொல்லாதத உங்ககிட்டயாவது சொல்றாரா பாருங்க'ன்னாரு."

அந்த போன் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மறந்துபோனது என்று எழுதினால் நான் இங்கே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். கடையில் கூட்டமாக இருந்த ஒரு மத்தியானம். "சார், உங்க வண்டி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வாங்கலாம்னு..." என்று நிதானமான, படித்த குரல். ஜெராக்ஸுக்கு வரிசையில் நின்ற நாலு பேர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக நான் சத்தமாகச் சொன்னேன், "ராஜா மாதிரி கீது சார். கண்ண மூடிக்கினு வாங்குங்க."

என்னை ஏமாற்றியது வேணு. வில்சன் வாத்தியாரை ஏமாற்றியதில் எனக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. வேணுவுக்காவது அதனால் பிழைப்பு நடந்தது. நான் நாலு பேர் காதில் விழுவதற்காகச் செய்தேன்.

சின்னசாமி டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தார். "வேற யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா தம்பி?" என்று மேலேயிருந்து கேட்டார். குற்றம் சாட்டுகிற தொனியில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"இன்னும் ரெண்டு பேர்" என்றேன். "அவங்க வாங்கினாங்களான்னு தெரியல."

கவிதா உள்ளே போய் என் செருப்பையும் போனையும் எடுத்துவந்து கொடுத்தாள். "மணவூர் திருவாலங்காட்டுக்குப் பக்கம்தான. அண்ணன் அந்த வழியாதான் போறாரு" என்றாள். போகச் சொன்னாளா, போக மாட்டாயா என்று கேட்டாளா என்று நான் யோசிக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

டிராக்டரில் ஒரு சீட்டுதான். பெரிய சக்கரத்துக்கு மேலே இருந்த மட்கார்டில் ஏறி, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் கெங்கம்மாள் அக்கா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு எழிலன் செல்போனை எடுத்தான்.

"வாத்தியார்கிட்ட இன்னா சொல்லப் போறீங்க?" என்றார் சின்னசாமி கியரைப் போட்டுக்கொண்டே.

"தெரியலண்ணே."

"சரி, அவர் திட்டுவாரு. கேட்டுக்கங்க" என்றார். டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. நான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பழைய அழைப்புகளில் அந்த இரண்டு நம்பரையும் தேட ஆரம்பித்தேன்.