காலஞ்சென்ற என்கிற சொல்

ஒக்லாந்தில் எங்கள் ஆட்களின் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் ஐயருக்குத் தொலைபேசி போகும். அடுத்தது என் கணவர் சோதிலிங்கத்துக்கு வரும். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தை அவர்தான் தன் லப்டொப்பில் எழுதிக் கொடுப்பார். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிறகு யாருக்கு மகன், யாருக்குக் கணவர், யாருக்குத் தகப்பன் என்ற நீண்ட வரிசை. பதினைந்து வருசம் இதே வேலை. உயிரோடு இருக்கிற என்னோடு கதைக்க நேரமில்லை, செத்தவர்களோடு என்ன குடித்தனம் என்று நான் பேசாத நாளில்லை.

அந்த வரிசையில் அவர் பயந்த சொல் ஒன்றுதான்: காலஞ்சென்ற. போனவர்களின் பெயருக்கு முன்னால் அதைப் போடவேண்டும். ஒருமுறை எப்சம் பகுதியில் இறந்த ஒருவரின் கல்வெட்டில், உயிரோடிருந்த அவருடைய தம்பி யசீகரனின் பெயருக்கு முன்னால் அது தவறி விழுந்துவிட்டது. யசீகரன் கோபிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணை, என்ர வேலையையும் சேர்த்து முடிச்சிட்டியள்" என்று சிரித்தார். அதிலிருந்து பதினெட்டாம் நாள் நியூ லின் ரயில் மேடையில் விழுந்து போய்விட்டார். இருதயம் என்றார்கள். என் கணவர் ஒரு கிழமை சோறு தொடவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விரல் வைத்து மூன்று தரம் பார்க்காமல் அவர் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

தன்னுடையதையும் எழுதி வைத்திருந்தார்.

"திகதியை மட்டும் நீ போடு மலர். மிச்சமெல்லாம் நான் பாத்திட்டன்" என்றார்.

"அப்ப உங்கட முப்பத்தொண்டுப் பந்தியிலயும் முதல் ஆளாக் குந்துங்கோ" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

போன மாதம் போய்விட்டார். எட்டாம் நாள் லப்டொப்பைத் திறந்து வாசித்தேன். 'இராசமலரின் அன்புக் கணவரும், கீதனின் பாசமிகு தந்தையும்.' இராசமலர் நான், கீதன் எங்கள் ஒரே மகன். எல்லாம் சரியாக இருந்தது. திகதிக்கு மட்டும் இடம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் போட்டால் மனுசன் உண்மையாகவே போனதாகிவிடும் என்று நாளை நாளை என்று தள்ளினேன்.

இருபத்தைந்தாம் நாள் மாலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு திறந்தேன். ஃபேர்ம்வேர் அப்டேட் என்று ஏதோ கேட்டது. ஓம் என்று அமத்தினேன். திரை கறுத்தது. வெள்ளைக் கோடு ஒன்று ஊர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தவேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மணியாகிவிட்டது. அவர் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கவேண்டும். எண்ணெய் விளக்கென்றால் வாடகை வீட்டில் புகை மணி கத்தும் என்பதால் மின்சார விளக்குத்தான் வைத்திருந்தோம். அந்த மூலையில் இருந்தது ஒரே ஒரு பிளக். லப்டொப்பின் வயரை இழுத்துவிட்டு விளக்கைச் செருகினேன். லப்டொப்பின் பற்றறி செத்துப்போய் எத்தனையோ வருசம். விளக்கு எரிந்தது, லப்டொப் அணைந்தது. பிறகு என்ன செய்தும் எழும்பவில்லை.

வேறு எங்கும் அந்தக் கல்வெட்டு இல்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

நியூ லின்னில் கணினி திருத்துகிற நவின் மலேசியப் பிள்ளை. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு அழைத்தான்.

"பாதி எழுதும்போதே கரண்ட் போயிருச்சு ஆன்ட்டி. சிப்பைக் கழற்றி மறுபடி எழுதினேன். ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "வீட்டுல யாராச்சும் இதுல வேலை செஞ்சீங்களா?"

"அது உம்மட கடையிலயெல்லோ இருந்தது."

"ஆமா. ஆனா ஒரு ஃபைல் நேத்து மத்தியானம் சேவ் ஆகியிருக்கு. அப்போ இது துண்டு துண்டா என் மேசையில கிடந்துச்சு. கடிகாரம் குழம்பியிருக்கும் லா."

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். திகதியைப் போட்டேன். பிறகு வரிசைக்கு வந்தேன்.

'காலஞ்சென்ற இராசமலரின் அன்புக் கணவரும்.'

எட்டாம் நாள் இந்தக் கண்ணால் வாசித்தவள் நான். நவினைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பயோஸ், அதான் அந்த ஃபேர்ம்வேர், போனா மெஷின் எழும்பாது ஆன்ட்டி. எழுத்தெல்லாம் மாறாது" என்றான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். படத்தைப் பார்த்து, "என்னை விட்டிட்டு இருக்கேலாதெண்டா போகேக்கையே சொல்லியிருக்கலாம். இப்பிடியோ கூப்பிடுறது?" என்றேன். பிறகுதான் யசீகரனின் நினைவு வந்தது. எனக்குச் சாக விருப்பமில்லை. சொல்ல என்ன வெட்கம். அந்தச் சொல்லை அழித்தேன். அவரைப்போல விரல் வைத்து மூன்று தரம் பார்த்தேன். கீதன் அதைப் பென்ரோஸ் அச்சகத்துக்குக் கொண்டுபோனான்.

முப்பதாம் நாள் ஒரு பெட்டி கொண்டுவந்தான், நூறு புத்தகம். மற்றப் பெட்டியை எடுக்க முப்பத்தோராம் நாள் காலை போனான். பதினொரு மணிக்குச் சனம் வரும். அவன் போன பிறகுதான் நான் பெட்டியைப் பிரித்தேன்.

'இராசமலரின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற கீதனின் பாசமிகு தந்தையும்.'

அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். எல்லாவற்றிலும் அப்படியே. நான் அழித்த சொல் அழியவில்லை. ஒரு பெயர் தள்ளிப் போயிருந்தது.

கீதனுக்குத் தொலைபேசி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கோபம் இல்லை, ஒன்றுமில்லை.

"அது என்ர. தாங்கோ" என்றேன்.

மேசையிலிருந்த அவருடைய கறுப்புப் பேனையை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். கீதனின் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை வெட்டி, என் பெயருக்கு முன்னால் எழுதினேன். காலஞ்சென்ற. காலஞ்சென்ற. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணத்தது, எழும்பவில்லை. விரல் விறைத்தது. ஒன்றைத் தவறவிட்டாலும் என்ன நடக்குமோ என்று எண்ணி எண்ணி எழுதினேன். நூறாவது புத்தகத்தில் கடைசி எழுத்தைப் போட்டுப் பேனையை வைக்க, தொலைபேசி அடித்தது.

"அம்மா, டோன்ட் பனிக், ஐ ஆம் ஓகே" என்றான் கீதன். "கார் மோட்டர்வே நடுவில நிண்டிட்டுது. பின்னால பெரிய ட்ரக் ஒண்டு வந்தது. டோரும் திறக்கேலாமல் போச்சு. லாஸ்ட் செக்கண்ட் தானா ஸ்டார்ட் ஆச்சுது. வியர்ட்."

"ஆறுதலா வா ராசா" என்றேன்.

அரை மணியில் வந்தான். முகம் வெளுத்திருந்தது. மற்றப் பெட்டியை மேசையில் வைத்து, தானே பிரித்து, ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தான். நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். அதில் யாரும் பேனையால் எழுதவில்லை. அச்சிலேயே இருந்தது.

'காலஞ்சென்ற இராசமலரின் அன்புக் கணவரும், கீதனின் பாசமிகு தந்தையும்.'

"லுக்ஸ் குட், அம்மா. எல்லாம் கரெக்டா?" என்று கேட்டான்.

பிள்ளைக்கு ஒரு எழுத்துத் தமிழ் வாசிக்கப் பழக்கவில்லை என்று முப்பது வருசம் அவரோடு சண்டை பிடித்தவள் நான். அன்றைக்கு அந்தக் குறைக்காகக் கடவுளைக் கும்பிட்டேன்.

"ஓம், எல்லாம் சரி. கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றேன்.