ஆன்ஸ்லின் செய்யாத பாவங்கள்

மார்த்தாண்டத்தில் ஆன்ஸ்லினை ராக் ஸ்டார் என்று சொன்னவர்கள் இரண்டு வகை. கிண்டலுக்குச் சொன்னவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் அவன் ஒருவன்தான் இருந்தான்.

இரண்டாயிரத்து நான்கில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே நாலு பேர் சேர்ந்து பேண்ட் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்துக் கல்லூரி விழாக்களில் தலைமுடியை ஆட்டி ஆட்டி வாசித்து, கழுத்துவலியும் கொஞ்சம் பெயரும் சம்பாதித்தார்கள். ஏழெட்டு வருடத்தில் டிரம்மர் துபாய்க்குப் போனான். பேஸ் கிட்டார்காரனுக்கு வங்கியில் வேலை கிடைத்தது. பாடகன், ஆன்ஸ்லின் எழுதிய பாட்டுகளையெல்லாம் தன்னுடையவை என்று சொல்லிக்கொண்டு கொச்சிக்குச் சினிமாவில் பாடப் போனான். ஆன்ஸ்லினுக்கு மிஞ்சியது ஒரு கிட்டாரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வரும் ஆஸ்துமாவும்தான்.

அதே வருடம் மனைவி ஷிஜியும் போனாள். நர்ஸ் வேலை பார்த்து நாலு வருடம் குடும்பத்தை நடத்தியவள், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கருங்கலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. அதனால் அவள் போய்விட்டாள் என்பதே அவனுக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

உறைத்த பிறகு உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் ஆல்பம் போட்டான். சத்தம் அடங்க மாடி அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி, எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து, தானே பாடி, ‘உப்பு’ என்று பெயர் வைத்தான். ஒன்பது பாட்டு. ஒன்பதும் ஷிஜியைப் பற்றியது. முதல் பிரதியை அவளுக்கு அனுப்பினான். கேட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்று மனதார நம்பினான். பாவம், அந்த நம்பிக்கையைக் கேலி செய்யக்கூட மனம் வரவில்லை.

அவள் வரவில்லை. சிடிக்களும் விற்கவில்லை. நாகர்கோவில் கடைக்காரர், கிறிஸ்தவப் பெயரும் கிட்டார் படமும் இருப்பதைப் பார்த்து, பக்திப் பாடல் வரிசையில் அடுக்கி வைத்தார். அங்கேதான் ஞானதாசன் கண்ணில் அது பட்டது. ஞானதாசன் மைதானங்களில் ஜெபமும் பாட்டுமாக எழுப்புதல் கூட்டங்கள் நடத்துகிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், எந்த நேரமும் இரண்டு செல்போன்.

“பாட்டு கொள்ளாம் மக்கா,” என்றார். “மூவாயிரம் பேருக்கு முன்னால பாட வைக்கேன். ஆனா முதல்ல உன் பழைய பாவத்தை வச்சு சாட்சி சொல்லணும். கர்த்தர் உன்னை எதில இருந்து தூக்கி எடுத்தாரு?”

“அப்படி ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி. எப்பமாவது ஒரு பியர் குடிப்பேன்.”

“பியரெல்லாம் ஒரு பாவமாடே? கஞ்சா?”

“ஆஸ்துமா உண்டு.”

“அப்போ கஞ்சா அடிச்சு வந்த ஆஸ்துமான்னு சொல்லு.”

சொன்னான். களியக்காவிளை மைதானத்தில் ஜனம் “அல்லேலூயா” என்றது. பாட்டில் ‘கண்ணே’ என்றிருந்த இடத்தில் ‘கர்த்தா’ என்று போட்டுக்கொண்டான், தாளம் இடறவில்லை. மூவாயிரம் பேர் கைதட்டித் தன் பாட்டைப் பாடுவதை முதல்முறையாகக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு அவன் நிதானத்தில் இல்லை.

ஆனால் பாவத்துறையில் போட்டி அதிகம். சிலுவைதாசன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பழைய சாராய வியாபாரி, மூன்று பேரைக் குத்தியவர், வயிற்றில் தையல் தழும்பு வேறு. சட்டையைத் தூக்கிக் காட்டினால் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவர் சாட்சி ஒரு மணி நேரத்துக்கு நீள, ஆன்ஸ்லினின் நாலு பாட்டு ஒன்றாகச் சுருங்கியது. கஞ்சாவைப் போதை ஊசியாக உயர்த்திப் பார்த்தான். பலிக்கவில்லை.

“வீட்டுக்காரிய அடிச்சிருக்கியா?” என்று கேட்டார் ஞானதாசன்.

“ஒருநாளும் இல்ல.”

“பொம்பளைங்க கூட்டத்தில அதுதான்டே ஏறும்.”

கருங்கல் கூட்டத்தில், பின்னால் கீபோர்டு சோகமாக இழுக்க, மனைவியைப் பெல்ட்டால் அடித்ததாக ஆன்ஸ்லின் சாட்சி சொன்னான். சொல்லும்போது நிஜமாகவே அழுதான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நாலு பாட்டும் திரும்பக் கிடைத்தன. அந்தச் சாட்சியை சிடியாகப் போட்டதில், ‘உப்பு’ ஒரு வருடத்தில் போகாத அளவுக்கு ஒரு வாரத்தில் போயிற்று.

வாங்கியவர்களில் ஒருத்தி தங்கபாய். ஷிஜியின் அம்மா. கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவள் அவள். மகள் சொல்லாமல் மறைத்த கொடுமை இதுதான் என்று நெஞ்சிலடித்துக்கொண்டு, சிடியை நேராக, ஷிஜியின் விவாகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் பொன்னுலிங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வக்கீலுக்குச் சாட்சி தேடும் வேலை மிச்சம். விவாகரத்து மனுவில் பெல்ட்டையும் சேர்த்துவிட்டு, ஷிஜியிடம் கையெழுத்து மட்டும் வாங்கினார்.

குடும்ப நீதிமன்றத்தில் லேப்டாப்பில் அந்த சிடி ஓடியது. கீபோர்டு, அழுகை, பெல்ட், அல்லேலூயா. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உங்க குரல்தானா?”

“ஆமா.”

“அடிச்சீங்களா?”

ஆன்ஸ்லின் கணக்குப் போட்டான். பொய் என்று சொன்னால் கதவுக்கு வெளியே இரண்டு செல்போனோடு நிற்கும் ஞானதாசனும், கிறிஸ்துமஸ் மாதத்துக் கூட்டங்களும், மூவாயிரம் பேரின் கைதட்டலும் போச்சு. அடித்தேன் என்றால் ஷிஜி போச்சு. அவனுக்கு ஷிஜி வேண்டும். நிஜமாகவே வேண்டும். பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

அதற்குள் ஷிஜி எழுந்துவிட்டாள். “பொய்யாக்கும் மேடம். இவரு என்னைய அடிச்சதே இல்ல.”

பொன்னுலிங்கம் தலையில் கைவைத்தார். ஆன்ஸ்லினுக்கு மூச்சு வந்தது. வந்துவிட்டாள், எனக்காகப் பேசுகிறாள் என்று கண் நிறைந்தது.

“பெல்ட்டு விசயம் எழுதினது எனக்குத் தெரியாது. வாசிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு,” என்றாள் ஷிஜி. “எனக்குப் பிள்ளை கலைஞ்ச அன்னைக்கு இவரு நடு ரூமில இருந்து கிட்டாருக்குக் கம்பி மாத்திட்டிருந்தாரு. ரெண்டு தடவை விளிச்சேன். மூணாந்தடவை விளிக்கல்ல. பக்கத்து வீட்டுக்காரிதான் ஆட்டோ பிடிச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனா. இவரு அடிச்சிருந்தா எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது மேடம். அடிக்கணும்னா ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கணும்லா.”

அந்த நாள் ஆன்ஸ்லினுக்கு நினைவில் இல்லை. எத்தனையோ பாவங்களை யோசித்து யோசித்து உண்டாக்கியவனுக்கு இது ஒன்று தோன்றவே இல்லை. வெட்கம் வந்தது. உண்மையான வெட்கம்தான்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று நீதிபதி அவனைக் கேட்டார்.

அவன் உதடுகள் தாளம் பிடித்து அசைந்தன. அடிக்கணும்னா ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கணும். வலது கை, அவனைக் கேட்காமலேயே, சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

ஷிஜி அந்தக் கையைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

“எழுதிக்கிடுங்க,” என்றாள். “பொறவு மறந்து போவும்.”