ஏரிமேல் நிறுத்திய வண்டி

"திருப்பிக் குடுக்கத்தான் இருந்தேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். எடுத்ததாலேயே அது திருட்டு ஆகிடாது. உங்க தம்பிக்கு அந்த வண்டி ஒரேயடியா இல்லாம போகணும்னு நீங்க நினைச்சதா அவங்க நிரூபிக்கணும். முடியலன்னா சின்னக் குற்றம்தான், இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

என் வக்கீல் மினியாபொலிஸ் என்ற பெருநகரத்துக்காரர். நல்ல பிள்ளைதான். ஆனால் பனிக்கட்டி என்றால் அவருக்குக் குளிர்பானத்தில் மிதப்பது.

நான் எடுத்தது என் தம்பி வெய்க்கோவின் பிக்கப் வண்டியை. குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று அவனுடைய உரிமத்தைப் பறித்தார்கள். வண்டியை யாரும் பறிக்கவில்லை. அதில்தான் என் மகள் லெம்பியைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் மரத்தில் மோதினான். அவள் இன்னும் ஊன்றுகோலோடு நடக்கிறாள்.

கூண்டில் ஏறினேன்.

"வண்டிய எங்க நிறுத்தினீங்க?" என்றார் வக்கீல்.

"ஏரிமேல."

"குளிர்காலத்துல ஏரி உறைஞ்சதும் இந்த ஊர்ல எல்லாரும் அதுமேல வண்டிய நிறுத்திட்டு மீன் பிடிப்பாங்கதானே?"

"ஆமா."

"அப்போ நீங்களும் மறுநாள் எடுத்துட்டு வரத்தான் இருந்தீங்க, இல்லையா?"

தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஜூரிக்காரர்கள் என்னையே பார்த்தார்கள். எல்லாரும் எங்கள் ஊர். நான் வண்டியை நிறுத்தியது மார்ச் கடைசியில். அதற்குள் அத்தனை பேரும் பனிமேல் போட்டிருந்த தங்கள் மீன்பிடிக் குடிசைகளைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். பனி இளகி வண்டி அடியில் போகும் என்று அவர்களுக்குத் தெரியும், வக்கீலுக்குத்தான் தெரியாது. நான் தலையாட்டியிருந்தால் நம்புவதுபோல் நடித்து என்னை விட்டிருப்பார்கள். என் பிள்ளையின் காலில் அடிபட்டதும் வெறும் அக்கா தம்பி விளையாட்டாக முடிந்திருக்கும்.

"இல்ல. மூழ்கட்டும்னுதான் நிறுத்தினேன். அது அவன் கைக்குத் திரும்பவே கூடாது. நீங்க யாரும் பிடுங்கல, நான் பிடுங்கினேன்."

வக்கீல் தொப்பென்று உட்கார்ந்தார்.

குற்றவாளி என்றார்கள். சிறைத் தண்டனை. காவலர் என் கையைப் பிடித்தபோது வெய்க்கோ குறுக்கே வந்து சாவியை ஆட்டிக் காட்டினான்.

"என்னத்தக் கிழிச்சக்கா? இன்சூரன்ஸ்ல புது வண்டியே வாங்கிட்டேன்."

"ஓட்டுடா," என்றேன். "எப்படியும் நான் வெளிய வருவேன். ஏரி வருஷா வருஷம் உறையும்."