கடைசிக் கொத்து

அப்பா பொங்கியண்ணன் படுத்திருந்த கட்டிலை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அதன் கால் நிலையில் இடித்தது. மயிலாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாத்து எடுங்கடா" என்றார் சித்தப்பா குப்பண்ணன். பிறகு அவளிடம், "பக்கத்துலயேதான் இருந்தியாமா கண்ணு? அண்ணன் போனதுகூடத் தெரியாம அப்பிடி என்ன காயிதம் அது?" என்றார்.



பக்கவாதத்தில் பேச்சுப் போன நாளிலிருந்து அய்யன் மோதிரத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ஒன்று என்றால் தண்ணீர். இரண்டு, புரட்டிப் படுக்க வைக்க. மூன்று, அம்மாவைக் கூப்பிட. நான்கு, ரேடியோ. தட்டுவது நின்றால்தான் எது என்று தெரியும். அவசரப்பட்டு முதல் தட்டுக்கே தம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

லீவில் சொந்த ஊரான நல்லேப்பிள்ளிக்கு வந்தவள் மடியில் அன்று காலையிலும் கோயமுத்தூர் மில்லின் கம்ப்யூட்டர் தாள்கள்தான். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் நிறங்களை எழுத்துகளாக வரிசையில் கொடுத்தால், எந்த எழுத்து எத்தனை முறை கொத்தாகச் சேர்ந்து வருகிறது என்று அவள் எழுதிய புரோகிராம் சொல்ல வேண்டும். அதே எழுத்து வந்தால் எண்ணிக்கையைக் கூட்டும். வேறு எழுத்து வந்ததும் அதுவரை எண்ணியதை அச்சடிக்கும். எல்லாம் சரியாக வந்தது. கடைசிக் கொத்து மட்டும் ஒவ்வொரு முறையும் காணாமல் போனது.

அய்யன் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. தலை நிமிராமல் நாலாவதற்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் பிழை பிடிபட்டது. கடைசிக் கொத்துக்குப் பிறகு மாறுவதற்கு எழுத்தே இல்லை. எண்ணியது எண்ணியபடி உள்ளேயே நின்றுவிடுகிறது.

சந்தோஷமாக நிமிர்ந்தாள். அவர் கை சட்டத்தின் மேல் அப்படியே இருந்தது.

மாட்டுக் கட்டுத்தறியிலிருந்து ஓடிவந்த அம்மா பழனாத்தாள், கையில் சாணி காய்ந்துபோக, இன்னும் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டுத்தறி ஒன்றும் தூரமில்லை. ஒரு குரல் கொடுத்தால் கேட்கும்.

"ஏங்கண்ணு" என்றாள். "கடைசியா ஏதாச்சும் கேட்டாரா அய்யன்?"

தண்ணீர் என்று சொல்லிவிடலாம். ஆனால் மயிலாத்தாள் தரையில் விரலால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது வரும் என்பதுபோல அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். சுவரோடு சாய்த்திருந்த கட்டிலருகே குந்தி, சட்டத்தில் மோதிரம் பட்டுத் தேய்ந்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள்.